அதிர்ந்து பேசாதவள்

போன மாதம் நம்முடைய வகுப்பில் ஒருத்தி செத்துப்போனாள். "இறைவனடி சேர்ந்தாள்" என்று நீங்கள் எல்லோரும் எழுதினீர்கள். நான் செத்துப்போனாள் என்றே எழுதுகிறேன். அவள் இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். நம்முடைய வட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்கக் கும்பிட்ட கைகளும், எரிகிற விளக்குகளும், "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்பதும் வரிசையாக வந்து விழுந்தன. ஒருத்தி போட்டதை அடுத்தவள் அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். நடுவில் ஒருத்தி தவறுதலாகப் பிறந்தநாள் கேக் படத்தை அனுப்பிவிட்டு அழித்தாள். கணக்கு ரீச்சர் மாதிரி நடந்து காட்டி நம் எல்லோருக்கும் அடி வாங்கித் தந்தவளைப் பற்றி, அறுபது வருசப் பழக்கத்தில், உங்களில் ஒருத்திக்கும் சொந்தமாக ஒரு வரி வரவில்லை.

நான் குழுவை விட்டு விலகினேன். "என்னடி, என்ன கோவம்?" என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. பதில் நீளமானது. பொறுமை இருந்தால் வாசியுங்கள், இல்லாவிட்டால் இதற்கும் ஒரு கும்பிட்ட கையை அனுப்பிவிடுங்கள்.

என் அம்மாவை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். உள்துறைமுக வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு. அம்மா கப்பல்களுக்குக் கொடி தைத்தவர். கப்பல் சாமான் கடை முதலாளி ஒருவர், மூதூர்க்காரர், முஸ்லிம், துணியையும் அளவையும் வீட்டுக்கு அனுப்புவார். மஞ்சள், நீலம், சிவப்பு என்று வெட்டித் தைத்து, ஓரத்தில் கயிறு போக இடம் விட்டு மடித்துக் கொடுக்க வேண்டும். சில நாட்களில் தடித்த கித்தான் துணியும் வரும். கித்தான் தைக்கும் நாளில் மெசின் சத்தம் ஒழுங்கை முனை வரை கேட்கும். அம்மாவின் சத்தம் அதற்கு மேலால் கேட்கும்.

ஓம், அம்மாவின் சத்தம். அதைப் பற்றித்தான் இந்தக் கதை.

அம்மா ஈச்சிலம்பற்றில் பிறந்து வளர்ந்தவர். அங்கே போவதென்றால் மூதூருக்கு லாஞ்சிப் படகு எடுத்து, பிறகு பஸ். ஒருமுறை நாங்கள் இறங்குதுறைக்கு ஓடி வருவதற்குள் லாஞ்சி கயிறு அவிழ்த்து நல்ல தூரம் போய்விட்டது. அம்மா என் கையை விட்டார். இரண்டு விரலை வாய்க்குள் வைத்து ஒரு விசில் அடித்தார். நான் சும்மா சொல்லவில்லை, லாஞ்சி திரும்பி வந்தது. அதற்குப் பிறகு லாஞ்சிக்காரர் புறப்படும் முன் ஒருமுறை எங்கள் ஒழுங்கைப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் புறப்படுவார். அப்பா துறைமுகக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர், வெள்ளைச் சட்டைக்காரர். அன்று நாலு அடி தள்ளி நின்று, ஏதோ முக்கியமான அலுவல் மாதிரிக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களோடு இருந்த மாமி, அப்பாவின் அக்கா, வீடு திரும்பும் வரை வாயை மூடவில்லை.

"பொம்பிளை விசில் அடிச்சா வீடு விளங்குமே?"

"லாஞ்சிக்கு விளங்கினது, அது போதும்" என்றார் அம்மா.

அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் அவர் வாயில் ஒரு பொருள் வெறும் பெயரோடு நின்றதில்லை. வருகிற கப்பலுக்கெல்லாம் பட்டம் வைப்பார். ஊதும் சத்தத்தை வைத்து ஒன்றுக்கு "வயித்துக்குத்துக்காரன்" என்று பெயர். புதுப் பெயின்ற் அடித்து வந்தது "மாப்பிள்ளை". மூன்று கிழமை நங்கூரம் போட்டும் சரக்கு இறக்காமல் நின்றது "மச்சாள் வீட்டு விருந்தாளி". நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும், "வயித்துக்குத்துக்காரன் இண்டைக்கு வெளிக்கிட்டிட்டான், பாவம், போற வழியில சுகம் வந்தாலும் வரும்" என்று சொல்லுவார்.

"எங்கள் துறைமுகம்" என்று நம் எல்லோருக்கும் ஒரு கட்டுரை சொல்லித் தந்தார்களே, ஞாபகமா? ரீச்சர் பலகையில் எழுதுவார், நாம் கொப்பியில் எழுதுவோம், சோதனையில் அதையே திருப்பி எழுதுவோம். "எங்கள் துறைமுகம் இயற்கை அன்னையின் ஒப்பற்ற கொடையாகும்." நான் அதற்குப் பத்துக்கு ஒன்பது வாங்கி வந்து, பெருமையாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா மெசினை நிறுத்திவிட்டுக் கடைசி வரை கேட்டார்.

"எல்லாம் இருக்குப் பிள்ளை" என்றார். "ஒரு கப்பலைத்தான் காணேல்ல."

எனக்குக் கோபம் வந்தது. ஒன்பது புள்ளி வாங்கியவளிடம் ஐந்தாம் வகுப்புக்காரி குறை சொல்கிறாளே என்று. இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. அதற்கடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் வெறும் உடம்பாகத்தான் வீட்டுக்கு வந்தார். மெசினில் பாதி தைத்த கொடி ஒன்று ஊசி குத்தியபடி நின்றது. மாமி அதை இழுத்து எடுத்துச் சுருட்டி, அழுது வீங்கிய முகத்தைத் துடைத்தார். அது மஞ்சள் கொடி, கப்பலில் நோய் ஒன்றும் இல்லை என்று சொல்ல ஏற்றுவது.

இனிக் கல்வெட்டு. நம்முடைய சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் இதை உங்கள் பேரப்பிள்ளைகள் கனடாவில் இருந்து வாசித்தால் தெரியாது. ஆள் செத்த முப்பத்தோராம் நாள், சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம்தான் கல்வெட்டு. முன்னால் படம். பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு. பிறகு பாட்டாகப் புலம்பல்கள்: கணவர் புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மைத்துனி புலம்பல் என்று முறை வைத்து வரும். புலம்புகிறவர் யாரும் அதை எழுதுவதில்லை. அதற்கென்று ஊரில் ஒருவர் இருப்பார்.

எங்கள் பக்கத்தில் இருந்தவர் இளைப்பாறிய காணிக் கந்தோர்க்காரர். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் ஒரு கொப்பியோடு வந்து கதிரையில் இருந்தார். பிறந்த ஊர், தகப்பன் பெயர், கூடப்பிறந்தவர்கள், புருசன் உத்தியோகம் எல்லாம் கேட்டு எழுதினார். எல்லாவற்றுக்கும் மாமிதான் பதில்.

"குணம்?"

"நல்ல குணம்" என்றார் மாமி.

"அப்ப பொறுமை எண்டு போடுறன்."

நான் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பொறுமை. கறிக்கு உப்புப் போடுகிற மாதிரி அந்த மனிதர் அதைப் போட்டார். மீன்காரன் நிறுவையில் ஏமாற்றினால் அவன் சைக்கிளைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் கதையைத் தொடங்கும் அம்மாவுக்குப் பொறுமை.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்துச் சீ.ஆர். கொப்பியில் இருந்து நடுத்தாள்களைக் கிழித்து எடுத்தேன். கொடித்துணி வெட்டும் மேசையில் இருந்து எழுதினேன். ரீச்சர் சொல்லித் தந்த வசனம் ஒன்றும் வரவில்லை, நான் தேடவும் இல்லை. அம்மா செய்தது, சொன்னது எல்லாவற்றையும் வந்தபடி எழுதினேன். இரண்டு நாள் எழுதினேன். தாளுக்கு ஒரு பக்கமாக ஆறு பக்கமோ ஏழு பக்கமோ. என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே நல்ல எழுத்து அதுதான் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும், காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

அதை அப்பாவிடம் கொடுத்தேன். "கல்வெட்டில போடுங்கோ" என்றேன். அப்பா தாள்களை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் சிவந்த கண்களோடு வெளியே வந்தார். தாள்கள் நாலாக மடிந்திருந்தன. என்னைப் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு கல்வெட்டுக்காரர் வீட்டுப் பக்கம் நடந்தார். வாசித்துவிட்டார், அழுதிருக்கிறார், கொடுக்கப் போகிறார் என்று நான் நம்பினேன். அந்த மூன்று கிழமையும் நான் முப்பத்தோராம் நாளுக்காகக் காத்திருந்தேன். அம்மா செத்த வீட்டில் ஒரு பிள்ளை ஒரு நாளை ஆசையோடு எண்ணிக்கொண்டிருந்தது என்றால் நீங்கள் நம்புவீர்களோ தெரியாது.

கல்வெட்டு வந்தது. படம் யாருடைய கலியாணவீட்டுக் கூட்டப் படத்திலோ வெட்டி எடுத்தது. அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தியின் சேலைத் தோள் ஒட்டிக்கொண்டு நின்றது. நான் தாள் தாளாகப் புரட்டினேன். என் வரி ஒன்றும் இல்லை. சரி, வரும் என்று புரட்டினேன். கடைசி அட்டை வந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு முன்னால் கல்வெட்டு வாசிப்பது வழக்கம். கல்வெட்டுக்காரர் வரலாற்றை ராகமாக இழுத்து வாசித்தார். பிறகு மாமி என்னைச் சபைக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, பிள்ளைகள் புலம்பலை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

பொறுமையிலே பூமியென்று போற்றிடவே வாழ்ந்தவளே
அதிர்ந்தொருசொல் பேசாத அன்பான தெய்வமே
நாங்களெனும் நால்வரையும் நடுத்தெருவில் தவிக்கவிட்டு
ஏங்கியழ வைத்தெம்மை எங்குநீ சென்றனையோ

நால்வரையும் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நான் ஒரே பிள்ளை. வேறு யாரோ நாலு பிள்ளைக்காரிக்குக் கட்டிய பாட்டை, பெயரை மட்டும் மாற்றி எங்களுக்குத் தந்திருக்கிறார் மனிதர்.

"மாமி, நாங்கள் நாலு பேரில்லை" என்றேன்.

"வாசி" என்று மாமி இடுப்பில் கிள்ளினார்.

சுற்றிப் பார்த்தேன். பெண்கள் எல்லோரும் சேலைத் தலைப்பில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். இல்லாத மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து அழுதார்கள். ஒருவருக்கும் கணக்கு இடிக்கவில்லை. எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தவர்கள், என்னைத் தூக்கி வளர்த்தவர்கள்.

வெளிப் பந்தலில் இருந்த, அம்மாவுக்குக் கொடித்துணி அனுப்பும் கடை முதலாளி மட்டும் எழும்பி வந்தார். கையில் கல்வெட்டு. வெறும் குழப்பத்தோடு, கோபமே இல்லாமல், அப்பாவிடம் கேட்டார்.

"தம்பி, இது ஆரைப் பற்றினது?"

அப்பா தலையைக் குனிந்தார்.

"இல்ல, நான் தெரியாமக் கேக்கிறன். அதிர்ந்து பேசாதவ எண்டு போட்டிருக்கு. அந்தத் தங்கச்சி என்ர கடையில வந்து ஏசினா துணிக்கட்டெல்லாம் கீழ விழும். அப்பிடி ஏசினபடியாத்தான் நான் ஒரு நாளும் கிழிஞ்ச துணி அனுப்பேல்ல. இது வேற ஆரோட மாறிப் போச்சோ?"

"முதலாளி, செத்த வீட்டில உப்பிடிக் கதைக்கக் கூடாது" என்றார் கல்வெட்டுக்காரர். யாரோ முதலாளியைக் கையைப் பிடித்துச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சபையில் என் அம்மாவுக்காகப் பேசியது அந்த ஒரு மனிதர். அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. நான் என்ன செய்தேன் என்று சொல்லட்டுமா? விட்ட இடத்தில் இருந்து மிச்சத்தை வாசித்து முடித்தேன். ராகத்தோடு. எனக்கும் அழுகை வந்தது. அந்தப் பொய்ப் பாட்டு என்னையும் அழவைத்துவிட்டது. கிட்டத்தட்ட அறுபது வருசமாகப் போகிறது, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைத்தெரு அச்சுக்கூடத்துக்குப் போனேன். எழுத்துக் கோக்கிறவர் பனியன் போட்டு, மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்டிக்கொண்டு நின்றார். என் தாள்கள் எங்கே என்று கேட்டேன்.

"கொப்பித் தாளோ? அதின்ர பின்பக்கத்திலதான் அவர் பாட்டை எழுதித் தந்தவர் பிள்ளை. கோத்து முடிஞ்சதும் மை துடைக்கப் போட்டாச்சு."

என் எழுத்தின் முதுகில்தான் நால்வரும் தவித்திருக்கிறார்கள். நான் அழவில்லை. அசையாமல் நின்றேன். அவருக்கு என்னவோ செய்திருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"நான் முன்பக்கத்தை வாசிச்சனான். நல்லாத்தான் இருந்தது. வீட்டில மனிசிக்கும் சொன்னனான். ஆனா கல்வெட்டுக்கு அது சரிவராது பிள்ளை. கல்வெட்டெண்டா அதுக்கொரு முறை இருக்கு."

"என்ன வாசிச்சனீங்கள்? சொல்லுங்கோ."

"எல்லாம் ஞாபகமில்லை."

"ஞாபகமிருக்கிறதைச் சொல்லுங்கோ."

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். விரலை மடித்து மடித்துச் சொன்னார். "அம்மா விசில் அடிச்சா மூதூர் லாஞ்சி திரும்பி வரும். அது ஒண்டு. கப்பலுக்கு வயித்துக்குத்துக்காரன் எண்டு பேர் வச்சவ. அதுக்குத்தான் என்ர மனிசி விழுந்து விழுந்து சிரிச்சது. பிறகு..." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்பா கந்தோரால வாற நேரம் அம்மா மெசினை நிப்பாட்டிப்போட்டுச் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பா. அந்தச் சத்தத்திலேயே, இண்டைக்கு இவருக்கு ஆரோ ஏசியிருக்கினம், நல்ல பொரியல் ஒண்டு போடுவம் எண்டு எழும்புவா. இவ்வளவுதான் பிள்ளை எனக்கு ஞாபகம்."

அந்த மூன்றையும் வழி முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏழு பக்கத்தில் எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் எழுதினேன் என்பது மட்டும் தெரியும், என்ன எழுதினேன் என்று தெரியாது. வயது போகப் போக அம்மாவின் முகமும் அந்தக் கலியாணவீட்டுப் படத்து முகமாகவே மாறிவிட்டது. அலுமாரியில் கல்வெட்டு இருக்கிறது. யாராவது அம்மாவைப் பற்றிக் கேட்டால் எடுத்துக் காட்ட இருப்பது அதுதான். அதில் இருக்கும் பெண்ணை எனக்குத் தெரியாது.

அப்பாவோடு நான் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அவர் வாசித்தார், வெட்கப்பட்டார், மறைத்தார் என்று தீர்ப்பு எழுதி வைத்துவிட்டேன். அன்று இறங்குதுறையில் நாலு அடி தள்ளி நின்ற மனிதர்தானே என்று. சமைத்துக் கொடுத்தேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கதை இல்லை. அவர் இரண்டாம் கலியாணம் கட்டவில்லை. அதைக்கூட நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

எண்பது வயதுக்குப் பிறகு அவர் அன்புவழிபுரத்தில் என் வீட்டில்தான் இருந்தார். ஒரு காலைநேரம் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பிள்ளை, அண்டைக்கு நீ அம்மாவைப் பற்றி எழுதித் தந்தனீ."

"ஓம்."

"நான் அதை வாசிக்கேல்ல."

எனக்கு விளங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனதையும் சிவந்த கண்களையும் நான் பார்த்தவள்.

"முதல் வரி வாசிச்சன். அவ குசினிக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடந்தது. அதுக்கு மேல என்னால ஏலாமப் போச்சு. அதைச் சபையில ஆரும் வாசிச்சா நான் அந்த இடத்தில இருந்திருக்க மாட்டன். அதுதான் கொண்டுபோய் அந்தாளிட்டைக் குடுத்தனான். அவர் எழுதினா அவவா இருக்காது எண்டு எனக்குத் தெரியும்."

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான், தான் தாங்குவதற்காக, அம்மாவை அந்தப் பாட்டுக்குள் போட்டுப் புதைத்திருக்கிறார். எனக்குப் பாவம் என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீங்கள் தாங்குவதற்காக நான் அம்மாவை இழந்தேனா என்று கேட்கத்தான் வந்தது.

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். இந்த ஒன்றைக் கேட்கத்தான் அவர் இவ்வளவு நேரம் கதைத்தார் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"அதில என்னைப் பற்றி ஏதும் எழுதினனீயோ?"

மெசினை நிறுத்திவிட்டு அம்மா செருப்புச் சத்தம் கேட்டது என் கண்ணுக்கு முன்னால் நின்றது. அச்சுக்கூடத்துக்காரர் விரல் மடித்ததுகூட நின்றது. ஒரு வரி. சொல்ல அரை நிமிடம் போதும்.

"மறந்துபோனன்" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். "ஓம், எத்தினை வருசம். எப்பிடி ஞாபகம் இருக்கும்" என்று எனக்காகச் சமாதானமும் சொன்னார். பிறகு அந்த ஆறிய தேத்தண்ணியைக் குடித்தார். நான் கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். அதற்குப் பிறகு பதினாறு நாள் உயிரோடு இருந்தார். அந்தப் பதினாறு நாளில் ஒரு நாளாவது நான் போய்ச் சொல்லியிருக்கலாம்.